வள்ளி உள்ளே... வள்ளியின் சொந்தக்காரர்கள்?

குற்றாலத்துக்குப் போயிருக்கிறீர்களா?

'இதென்ன கேள்வி... போகாதவன் எவன்?' என்பீர்கள். சரி, போய் என்ன செய்தீர்கள்? உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு மெயின் அருவியில் நின்றீர்கள். ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குப் போனீர்கள். குளித்த பசிக்கு பார்டர் பரோட்டா, நாட்டுக்கோழி என்று ஒரு பிடி பிடித்தீர்கள். நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு ஊர் வந்து சேர்ந்தீர்கள். அவ்வளவுதானே?

அந்த வட்டாரத்தில் ரெண்டு இடங்களைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்திலேயே இருக்கும் இலஞ்சி. சிற்றாற்றங்கரை, வயல், தென்னந்தோப்பு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். அங்கே குமாரர் கோயில் இருக்கிறது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். உள்ளே வள்ளி, தெய்வானையோடு முருகன்.

இரண்டாவது, குற்றாலநாதர் கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய சித்திர சபை. நடராஜர் ஆடிய ஐந்து சபைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். ஐந்தாவதான குற்றாலத்தில் உலோகமும் கிடையாது, கல்லும் கிடையாது. வெறும் சித்திரம்! இங்கே நடராஜரே சுவரில் வரைந்த ஓவியம்தான். அந்த ஓவியத்துக்குத்தான் வழிபாடு. சுற்றியுள்ள சுவர்களிலும் தெய்வங்களும் புராணக் காட்சிகளுமாகப் படம் படமாக இருக்கும்.

இந்த ரெண்டு இடத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வள்ளி. இன்னொன்றில் சித்திரம். இன்றைய கதை இந்த ரெண்டையும் பற்றியதுதான்.

வள்ளி யார்? குறவர் வீட்டில் வளர்ந்த பெண். தினைப்புனம் காத்தவள். அவளை முருகனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பட்டுச் சாத்தி, தீபாராதனை காட்டுகிறோம். ரொம்ப சந்தோஷம். அந்த வள்ளியின் சொந்தக்காரர்கள், அதாவது நிஜக் குறவர்கள் கோயிலுக்கு வந்தால்? தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மற்ற சாதியாரைப் போலவே அவர்களுக்கும் பல நூற்றாண்டுகளாக வாசலோடு சரி. வள்ளி உள்ளே... சித்தப்பா, பெரியப்பா எல்லாம் வெளியே!

இதில் ஒரு வேடிக்கை, அந்த வட்டாரத்துக்கே உரியது. இலஞ்சிக்குச் சில மைல் மேற்கே இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று அந்தப் பக்கத்து ஆட்சியில் இருந்தது. திருவிதாங்கூர் மகாராஜா 1936 நவம்பர் 12 அன்று, அரசுக் கோயில்களில் எல்லா இந்துக்களும் நுழையலாம் என்று பிரகடனம் செய்தார். ஆக, செங்கோட்டைப் பக்கம் கதவு திறந்துவிட்டது. இந்தப் பக்கம் தென்காசியும் இலஞ்சியும் சென்னை மாகாணம். இங்கே 1939 ஜூலை 8-ல் மதுரை வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒரு சிறு குழுவைக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் ஒவ்வொரு கதவாக அசைய ஆரம்பித்தது. மாகாணம் முழுமைக்கும் அது சட்டப்படியான உரிமை ஆனது 1947-ல். ஒரே மலை, ஒரே சாரல், ஒரே சாமி... நடுவில் ஒரு செக்போஸ்ட். அந்தப் பக்கம் உள்ளே வரலாம், இந்தப் பக்கம் கூடாது!

அடுத்தது, குற்றாலக் குறவஞ்சி. குற்றாலத்துக்குப் பக்கத்திலுள்ள மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் எழுதியது. குற்றாலநாதர் பவனி வருகிறார். அவரைப் பார்த்து வசந்தவல்லி காதல் கொள்கிறாள். குறி சொல்ல வருகிறாள் சிங்கி என்ற குறத்தி. அவளைத் தேடிக்கொண்டு புருஷன் சிங்கன் வருகிறான். தலைவி வசந்தவல்லிதான். ஆனால், நூலின் பெயர் குறவஞ்சி. குறத்தியின் பெயர்! மலையைப் பற்றி, காட்டைப் பற்றி அவள் வாய் திறந்து பேசும்போதுதான் நாமெல்லாம் நிமிர்ந்து உட்காருகிறோம். கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். அதற்குக் 'குறவஞ்சிமேடு' என்றே பெயர்.

நன்றாகக் கவனியுங்கள். பெயர் குறத்தியுடையது. நிலம் கவிராயருக்கு.

கவிராயர் மேல் எனக்குக் குறை இல்லை. அந்தக் காலத்தில் ஒரு குறத்தியை இவ்வளவு அழகாக, இவ்வளவு கம்பீரமாகப் பேசவைத்ததே பெரிய காரியம். நான் சொல்ல வருவது வேறு. 1944-ல் ருக்மிணி தேவி இந்தக் குற்றாலக் குறவஞ்சியை கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். சென்னையே கொண்டாடியது. அதே 1944-ல், அதே சென்னை மாகாணத்தில், குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1871-ல் வெள்ளைக்காரன் வடக்கே கொண்டுவந்தது, 1911-ல் இங்கேயும் வந்தது. அந்தப் பட்டியலில் குறவர்கள் உண்டு. பட்டியலில் பெயர் ஏறியவர் கைரேகை வைக்க வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். திருடினாரா இல்லையா என்பதே கேள்வி இல்லை. பிறந்தாரே, அது போதும்!

மேடையில் சிங்கிக்குக் கைதட்டல். ஸ்டேஷனில் சிங்கனுக்குக் கைரேகை. இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது 1947-ல். நாடு முழுவதற்கும் 1952-ல்.

'என்ன சார், கலையைப் பற்றிச் சொல்லப்போகிறீர்கள் என்று பார்த்தால் சாதி, போலீஸ் என்று போகிறீர்களே' என்கிறீர்களா? வருகிறேன். தென்காசியில் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். 2018-லிருந்து அந்த ரயில் இந்தப் பக்கம் ஓடுகிறது. செங்கோட்டை, பதிமூன்று கண் பாலம், புனலூர், கொல்லம்... காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து படகில் ஏறினால் ஃபோர்ட் கொச்சி. 'கொச்சி-முசிறி பினாலே' நடக்கும் இடம்.

பினாலே என்றால் ஒன்றும் பயப்படாதீர்கள். இத்தாலியச் சொல். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது என்று அர்த்தம். நம் ஊர்க் கொடை மாதிரி, ஆனால் கலைக்கு. இதை முதலில் ஆரம்பித்தது வெனிஸ் நகரம். அரசர் உம்பர்ட்டோ, அரசி மார்கெரிட்டா கல்யாணத்தின் வெள்ளிவிழாவை முன்னிட்டு 1893-ல் நகரசபை தீர்மானம் போட்டது. 1895 ஏப்ரலில் கண்காட்சி திறந்தது. முதல் தடவையே ரெண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம். அப்புறம் 1907-லிருந்து ஒவ்வொரு நாடும் அங்கே தனக்கென்று ஒரு கட்டடம் கட்டிக்கொண்டது. யார் கட்டுவார்கள்? காசு உள்ள நாடுகள்தான். அடிமைப்பட்ட நாடுகளுக்கு அங்கே ஏது இடம்? 1984-ல் கியூபாவின் ஹவானா நகரம், 'பணக்கார நாடுகளின் பந்தியில் எங்களுக்கு இலை இல்லையென்றால் நாங்களே பந்தி போட்டுக்கொள்கிறோம்' என்கிற மாதிரி தன் பினாலேயைத் தொடங்கியது. இன்று உலகம் பூராவும் பினாலேக்கள்.

நம் நாட்டின் முதல் பினாலே, கொச்சியில் 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. 12-12-12! போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற ரெண்டு ஓவியர்கள் ஆரம்பித்தது. பெயரில் ஏன் முசிறி? நம் சங்கப் பாட்டில் யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிப்போன அதே சேரநாட்டு முசிறிதான். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் அந்தத் துறைமுகம் தூர்ந்துபோய், கொச்சி தலையெடுத்தது என்பார்கள்.

படங்களை மாட்டிய இடங்களில் பல, பழைய கிடங்குகள். 1867-ல் ஒரு வெள்ளைக்கார வியாபாரி தொடங்கிய கம்பெனியின் ஆஸ்பின்வால் ஹவுஸில் பல வருஷம் பினாலேயின் பெரும்பகுதி நடந்தது. மிளகும் தேங்காய் எண்ணெயும் அடைத்துவைத்த இடம். பக்கத்து மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்ப' என்றொரு முறை இருந்தது. காலையில் கூடும் கூலிக்காரர்கள் நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். அடித்துப் பிடித்து யார் பொறுக்குகிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு வேலை. இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். 1953 செப்டம்பர் 15-ல் போலீஸ் துப்பாக்கிச்சூடு. உயிர்கள் போயின. அப்படிப்பட்ட மண்ணில்தான் இன்று கலை.

சரி, அந்தச் சுவர்களில் யாருக்கு இடம் கிடைத்தது?

2016-ல் பி.கே. சதானந்தன் என்ற சுவரோவியக் கலைஞர் 15 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஓவியம் தொடங்கினார். வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, மரபுச் சாயங்களைக் கொண்டு வரைந்துகொண்டே இருந்தார். நம் சித்திர சபைக்கு ஒருவகையில் பங்காளி முறையான மரபு அது. அவர் எடுத்துக்கொண்ட கதை, 'பறையி பெற்ற பன்னிரு குலம்'. வரருசி என்ற பிராமணருக்கும் பறையர் குலத்துப் பெண்ணுக்கும் பிறந்த 12 பிள்ளைகள், ஒவ்வொரு சாதி வீட்டில் வளர்கிறார்கள். ஒருவர் நம்பூதிரி, ஒருவர் தச்சர், ஒருவர் வண்ணார், ஒருவர் முஸ்லிம் வியாபாரி. எல்லோரும் ஒரு தாய் வயிறு!

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் ஊர் ஆதி, பகவன் கதைதான். ஏழு பிள்ளைகள். அதில் வள்ளுவர் ஒரு வீட்டில், ஔவை ஒரு வீட்டில், கபிலர் அந்தணர் வீட்டில். இன்னொரு பிள்ளையின் பெயர் வள்ளி. அவள் வளர்ந்தது குறவர் வீட்டில் என்பார்கள். மலைக்கு ரெண்டு பக்கமும் பாட்டிமார்கள் ஒரே உண்மையைத்தான் சொல்லிவைத்துப் போயிருக்கிறார்கள். பேரப் பிள்ளைகள்தான் காதில் வாங்கவில்லை.

அடுத்தது 2018. அனிதா துபே தொகுத்த நான்காவது பினாலே. அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். கலந்துகொண்ட கலைஞர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கொல்கத்தாவில் ஆட்டோ ஓட்டிய பாபி தாஸ், தான் ஓட்டிய தெருக்களை ஊசி நூலால் துணியில் தைத்துக் கொண்டுவந்திருந்தார். மத்தியப்பிரதேச கோண்டு ஆதிவாசி மரபின் துர்காபாய், சுபாஷ் வியாம் தம்பதி வந்தார்கள். அம்பேத்கர் வாழ்க்கையைப் 'பீமாயணா' என்ற சித்திரப் புத்தகமாக வரைந்தவர்கள். இவர்களையெல்லாம் வழக்கமாக 'கைவினைக்காரர்' என்று சொல்லி எக்ஸிபிஷன் ஸ்டாலில் உட்காரவைத்துவிடுவோம். அங்கே 'கலைஞர்' என்று சுவரைக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவிலிருந்து 'கொரில்லா கேர்ள்ஸ்' குழுவும் அதில் பங்கேற்றது. 1985-லிருந்து கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு கலகம் செய்யும் பெண் கலைஞர்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் அவர்கள் 1989-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். நவீன ஓவியப் பிரிவில் பெண் ஓவியர்கள் 5 சதவிகிதம்கூட இல்லை. ஆனால், அங்கே மாட்டியிருக்கும் நிர்வாணப் படங்களில் 85 சதவிகிதம் பெண்களுடையவை! இதைப் போஸ்டராகவே அடித்து ஒட்டினார்கள்.

படமாக உள்ளே வரலாம். படைப்பவளாக வரக்கூடாது. நியூயார்க்கிலும் அதே இலஞ்சி வாசல்தான், பாருங்கள்!

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் மனசைக் கனக்கவைக்கும். நம் ரயில் கொல்லம் வழியாகப் போகிறது என்றேனே... அந்தக் கொல்லத்தில் 2012-ல், அதாவது பினாலே பிறந்த அதே வருஷம், மரியா என்ற திருநர் செயல்பாட்டாளர் கொலை செய்யப்பட்டார். (திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் பொதுவான சொல் திருநர்.) நண்பர்களுக்கு அவர் 'ஸ்வீட் மரியா'. ஊர் நடுவே சிலை வைக்க நாம் யாரைத் தேர்ந்தெடுப்போம்? ராஜாவை, தளபதியை, தலைவரை. மரியாவுக்கு யார் வைப்பார்கள்?

ஆறு வருஷம் கழித்து, 2018 பினாலேயில், ஆர்யகிருஷ்ணன் என்ற கலைஞர் வைத்தார். தோழிக்கு ஒரு நினைவிடம். 'ஸ்வீட் மரியா நினைவுச்சின்னம்' என்றே பெயர். கல்லும் இல்லை, வெண்கலமும் இல்லை. படங்களும் எழுத்துகளும் புத்தகங்களுமாக, கேரளத்தின் பாலினச் சிறுபான்மையினர் வாழ்க்கையைச் சேர்த்துவைத்த ஓர் அறை. ஒருபால் ஈர்ப்பைக் குற்றமாக்கிய 377-ம் பிரிவின் பல்லை உச்ச நீதிமன்றம் பிடுங்கியது அதே 2018 செப்டம்பர் 6 அன்று. மூன்று மாதம் கழித்துப் பினாலே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்தவர்களும் நடந்துபோகிற இடத்தில் மரியாவின் பெயர். கொலை நடந்தபோது ஒரு செய்தியாக வந்துபோன பெயர், அங்கே நிலையாக நின்றது.

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே கொச்சியிலேயே பதில் இருக்கிறது. 2017 ஜூனில் கொச்சி மெட்ரோ ரயில் தொடங்கியபோது 20-க்கும் மேற்பட்ட திருநர்களுக்கு வேலை கொடுத்தார்கள். நாடே பாராட்டியது. பேப்பரில் போட்டோ. சில நாளில் அவர்களில் பலர் வேலையை விட்டுப் போனார்கள். காரணம் என்ன தெரியுமா? வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை! கவுன்ட்டரில் டிக்கெட் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வோம். மாடி போர்ஷன் கேட்டால் 'ஆள் வந்தாச்சு' என்போம். போட்டோவில் உள்ளே, வீட்டுக்கு வெளியே.

பினாலேயும் குற்றம் குறை இல்லாததல்ல. 2018 பினாலே முடிந்த கையோடு, கட்டுமான வேலை செய்தவர்களுக்குப் பாக்கி இருக்கிறது என்று புகார் கிளம்பியது. நிர்வாகம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 2022-ல் ஏற்பாடுகள் முடியாமல் திறப்பு விழா கடைசி நேரத்தில் தள்ளிப்போக, கலைஞர்களே சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். உழைப்பைப் பற்றிச் சுவரில் படம் மாட்டினால் போதுமா? சுவரைக் கட்டியவன் கணக்கையும் கேட்பார்களே! இப்படிக் கேள்வி கேட்க முடிகிறது என்பதே நல்ல அடையாளம்தான். ஆறாவது பினாலே 2025 டிசம்பர் 12-ல் தொடங்கியது.

எல்லாவற்றுக்கும் மூத்த வெனிஸ் என்ன ஆயிற்று? 2024-ல் அந்தக் கண்காட்சியைத் தொகுத்தவர் பிரேசில்காரரான அட்ரியானோ பெத்ரோசா. மைய மண்டபத்தின் முகப்புச் சுவர் முழுவதையும் அமேசான் காட்டு ஹுனி குயின் பழங்குடிக் கலைஞர்களிடம் ஒப்படைத்தார். சிறந்த நாட்டுக்கான தங்கச் சிங்கம் விருது ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அந்தக் கூடத்தில் ஆர்ச்சி மூர் என்ற பூர்வகுடிக் கலைஞர், கறுப்புச் சுவரில் சாக்பீஸால் தன் வம்சாவளியை எழுதியிருந்தார். தாத்தா, அவர் தாத்தா, அவருக்கும் தாத்தா என்று ஆயிரக்கணக்கான பெயர்கள். ராஜா ராணி கல்யாண நாளுக்காக ஆரம்பித்த பந்தியில், 129 வருஷம் கழித்து, நிலத்துக்குச் சொந்தக்காரன் தன் சொந்தக்காரர்கள் பெயரை எல்லாம் எழுதிவைத்துவிட்டான்.

சொந்தக்காரர்கள்... மறுபடியும் அந்தச் சொல்லுக்கே வந்துவிட்டோம். வாருங்கள், மலையிறங்கி இலஞ்சிக்கே திரும்புவோம்.

நம் பக்கமும் ஒன்றும் நடக்காமல் இல்லை. 2007-ல் சென்னை சங்கமம், ஊர்க்கோடியில் அடித்த பறையைத் தலைநகரப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. திருநங்கைகளுக்கென்று நலவாரியம் 2008-ல் இந்தியாவிலேயே முதலில் அமைந்தது இங்கேதான். 2016-லிருந்து சென்னையில் புகைப்படத்துக்கென்றே பினாலே நடந்து வருகிறது. நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்துக்கு 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சம்மதித்தது. (வள்ளியின் குறவர் வேறு, ஊசி பாசி விற்கும் நரிக்குறவர் வேறு. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல்தானே இத்தனை காலம் இருந்துவிட்டோம்!)

ஆனாலும் ஒரு சின்ன சோதனை வைத்துப் பாருங்கள். குற்றாலத்தில் சீஸனுக்குச் சாரல் விழா நடக்கும். யாராவது ஒரு மேடையில் குறத்தி வேஷம் கட்டிய பிள்ளைகள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அழகாகத்தான் இருக்கும். கைதட்டுங்கள். தட்டி முடித்ததும் திரும்பிப் பாருங்கள். அருவிக்கரை ஓரம் பாசிமணி, ஊசி விற்றுக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தால், அவருடைய பேத்திக்கு அந்த மேடையில் இடம் உண்டா? சிங்கி பேச வேண்டியதை அவளே எழுத முடியுமா? அதற்குக் கிடைக்கும் நிலம், அதாவது சம்பளமும் விருதும், அவள் பெயருக்கு வருமா?

கலைக்கு ஒரு சக்தி உண்டு. கண்ணில் படாதவர்களை அது கண்ணில் படவைக்கும். குற்றாலத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். சுவரில் வரைந்த ஓவியத்தையே தெய்வமாகக் கும்பிடுகிற ஊர் அது. ஆனால், கண்ணில் பட்டவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பது ஓவியத்தின் வேலை இல்லை. அது பார்த்தவர்களின் வேலை. கொல்லத்து மரியாவுக்கு 2018-ல் ஓர் அறை கிடைத்தது. அது 2012-க்கு முன்னாலேயே, நினைவிடமாக இல்லாமல், வாழ்கிற இடமாகக் கிடைத்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை போகும்போது இலஞ்சியில் அரை மணி நேரம் இறங்குங்கள். குமாரரைக் கும்பிடுங்கள். வள்ளியையும் கும்பிடுங்கள். அவள் உங்களை ஒன்றும் கேட்கமாட்டாள். வெளியே வரும்போது, வாசலில் நிற்கும் அவளுடைய சொந்தக்காரர்களை மட்டும் நின்று, ஒரு நிமிஷம் முகம் பார்த்து விசாரித்துவிட்டு வாருங்கள்.